குளோரின் இன்னும் போதவில்லை

அன்புள்ள பெரியவளுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தம்பி எழுதுவது. இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், நம் வீட்டு நீச்சல் குளத்தில் வாடகை கொடுக்காமல் குடியிருந்துவந்த தவளையார், இன்று காலை பின்சுவர் ஓரமாகத் தாவி, தமது குடித்தனத்தை நிரந்தரமாகக் காலி செய்துவிட்டார். பிரிவுபசார விழா ஏதும் நடைபெறவில்லை. அப்பா மட்டும் கையில் செருப்போடு குழாயடி வரைக்கும் கூடப் போய் வழியனுப்பிவிட்டு வந்தார். குளத்தின் தண்ணீர் தவளைக்குப் பிடிக்காமல் போனது நம் குலத்துக்கே பெருமை, அந்தப் பெருமைக்குக் காரணம் யார் என்பதைத் தன்னடக்கத்தோடு பின்னால் சொல்கிறேன். இதையெல்லாம் முதலில் போடாதே, முதலில் சுகம் விசாரி என்று அம்மா கண்ணாலேயே அதட்டுகிறாள். சரி. நாங்கள் இங்கே இருக்கிறோம். நல்லா இருக்கோம்னு எழுது என்று சொல்லத்தான் தொடங்கினாள், அந்த நல்லா வாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்ததில் களைத்துப்போய் இருக்கோம் என்பதோடு நிறுத்திக்கொண்டாள், நானும் சொன்னதை மட்டும் எழுதியிருக்கிறேன். நீ அங்கே சுகமாக இருக்கிறாயா, குளிர் விட்டதா, உன் அறையில் ஹீட்டரைச் சரிசெய்து கொடுத்தார்களா, வீட்டுக்காரரிடம் நீ பயந்து பயந்து பேசுவாய், பயப்படாமல் கேள் என்கிறாள். உண்மையில் அம்மா சொன்னது ஹீட்டர், கேளு என்ற இரண்டே வார்த்தை. மீதியை நான் போட்டுக்கொண்டேன். அவள் ஒன்று சொன்னால் நான் ஒன்பது எழுதுவேன், மற்ற எட்டும் அவள் மனசில் இருப்பதுதான் என்று நினைத்துப் படித்துக்கொள்.

போன் என்ன ஆனது, எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். போனில் அம்மாவுக்கு ஒரு வார்த்தை சிக்கிக்கொண்டால் உடனே அந்தப் பக்கம் நீ மூக்கை உறிஞ்சுகிறாய், நீ உறிஞ்சுகிற சத்தத்தில் இந்தப் பக்கம் அவளுக்கு மீதி வார்த்தைகளும் உள்ளே போய்விடுகின்றன, கடைசியில் அப்பா போனை வாங்கி சிக்னல் சரியில்லம்மா, அப்புறம் பேசறோம் என்று வைத்துவிடுகிறார். சிக்னல் எப்போதும் சரியாகத்தான் இருக்கிறது. காகிதத்தில் இந்தத் தொல்லை கிடையாது, அம்மா எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தேடலாம், நான் பேனா மூடியைக் கடித்தபடி உட்கார்ந்திருப்பேன். அவளுடைய வலது கையும் வலது காலும் இன்னும் விடுமுறையில்தான் இருக்கின்றன. பக்கவாதம் வந்ததிலிருந்து இந்த வீட்டில் என் பக்கம் வாதாட ஆளே இல்லை. இந்த வரியை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முன்னால் என்றால் கையில் இருக்கும் கரண்டி என் முதுகுக்கு வந்திருக்கும். இப்போது ம் என்றாள். நல்ல ஜோக்குக்கும் ம், மோசமான ஜோக்குக்கும் ம், மழை வருகிறது என்றாலும் ம். உனக்கு நினைவிருக்கும், நான் ஐஸ் கட்டியைப் பின்னாலிருந்து அவள் கழுத்தில் போட்டுவிட்டு ஓடுவேன், அவள் வாசல்வரைக்கும் துரத்துவாள். அன்றைக்கு ஒரு கட்டியை எடுத்து அவளுடைய வலது உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கட்டி முழுதும் கரைந்து மடியில் சொட்டியது, நான்தான் என் சட்டையால் துடைத்துவிட்டேன். வருத்தமாக இருந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் அப்படி ஒன்றும் இல்லை, கரண்ட் போன வீட்டில் சுவிட்சைப் போட்டுப் பார்ப்பது மாதிரி இருந்தது, அவ்வளவுதான். இதை மட்டும் அவளுக்குப் படித்துக் காட்டவில்லை. அப்பாவும் அப்படித்தான், கடையை மூடிவிட்டு வருகிறார், டிவியைப் போடுகிறார், சத்தத்தை முழுக்கக் குறைக்கிறார், வாயசைக்கிற ஆட்களைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்கிறார். ஒருநாள் அவர் தட்டில் உப்பே போடாததைப் பரிமாறினேன், வேண்டுமென்றுதான். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு நல்லா இருந்துச்சுடா என்றார். சேட்டை செய்கிறவனுக்கு இது ரொம்பக் கஷ்டமான வீடு ஆகிவிட்டது.

குளத்தைப் பற்றி எழுது என்கிறாள் அம்மா. இந்த வீட்டை முன்பு வைத்திருந்தவர் பின்பக்கத்தில் கட்டிவிட்டுப் போன குளம், நீச்சல் அடிக்க ஆரம்பிப்பதற்குள் முடிந்துபோகிறது, இதைக் குளம் என்பதா தொட்டி என்பதா என்று நீ கேலி செய்தாயே, அதேதான். பிசியோதெரபி செய்ய வீட்டுக்கு வருகிற அக்கா அதைப் பார்த்ததும் லாட்டரி விழுந்த மாதிரி சந்தோஷப்பட்டாள். தரையில் தூக்க முடியாத காலைத் தண்ணீர் தூக்கிக் கொடுக்குமாம். ஒருத்தர் எதிரே நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக நடக்க வேண்டும், அம்மா முன்பக்கமாக நடக்க வேண்டும், இந்தச் சில மாசம்தான் முக்கியம், இப்போ பழக்காத காலை அப்புறம் பழக்கறது ரொம்பக் கஷ்டம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டாள். அந்த எதிரே நிற்கும் ஒருத்தர் நான். அப்பாவுக்கு வாளித் தண்ணீரே ஆழம் என்பது உனக்குத் தெரியும், அவர் கரையில் துண்டோடு நிற்பார், அதுவும் ஓர் உத்தியோகம். தினமும் இறங்கினோம். முதலில் அம்மாவின் கால் தன்பாட்டுக்கு மிதந்துகொண்டு வந்தது, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தரையைத் தேட ஆரம்பித்தது. ஒருநாள் கட்டைவிரல் அசைந்தது. தண்ணீர் தெளிவாக இருந்ததால் மூன்று பேரும் பார்த்தோம். அப்பா மடித்து வைத்த துண்டைப் பிரித்து மறுபடி மடித்தார்.

அப்புறம்தான் பச்சை வந்தது. குற்றவாளி வெளியாள் இல்லை, சாட்சாத் அப்பா. அம்மாவின் கண் சிவந்திருந்தது, குளத்தில் மூக்கைத் துளைக்கிற மருந்து வாடை அடித்தது. அப்பா டார்ச் அடித்து அவள் கண்ணைப் பார்த்துவிட்டு, குளோரின் ஜாஸ்தி, கண்ணு விஷயத்துல யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம் என்று தீர்ப்பு எழுதிவிட்டார். மூக்குக் கண்ணாடிக் கடைக்காரரிடம் யார் வாதாடுவது. தண்ணீரில் மிதக்கும் டப்பாவிலிருந்த குளோரின் வில்லைகளை எங்களுக்குத் தெரியாமல் எடுத்துக் கடைக்குக் கொண்டுபோய் பழைய பிரேம் வைக்கும் பெட்டியில் போட்டுவிட்டார். அது போதாதென்று அம்மா மதியம் தூங்குகிறாள், மோட்டார் சத்தம் தலையில் குடைகிறது என்று மோட்டாரையும் நிறுத்தி நிறுத்தி வைத்தார். ஆக வாடையும் இல்லை, சத்தமும் இல்லை, வீடு ஆஸ்பத்திரி மாதிரி அமைதியாக ஆனது. அப்பா வைத்தது பாசம், தண்ணீருக்குப் பிடித்தது பாசி. எனக்கும் பிறகுதான் தெரிந்தது, அந்த மாதிரி வாடை அடித்தால் குளோரின் அதிகம் என்று அர்த்தம் இல்லை, போதவில்லை என்றுதான் அர்த்தம். இருக்கிற கொஞ்ச நஞ்ச குளோரின் நம் வேர்வையோடும் எண்ணெயோடும் மல்லுக்கட்டித் தீர்ந்துபோகும்போது கிளம்புகிற வாடை அது. கண் எரிவதும் அதனால்தான். அதாவது ஜாஸ்தி என்று நினைத்துக் குறைத்தார், குறைத்ததால் எரிந்தது, எரிந்ததால் இன்னும் குறைத்தார். இதை அவரிடம் நான் சொன்னபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். சரி விடுங்கப்பா, குளத்துக்கும் ஒரு கண்ணாடி போட்டுடலாம் என்றேன். அவர் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை, சொல்லி வைத்தேன்.

அம்மா கரையில் நாற்காலியில் உட்கார்ந்து தினமும் தண்ணீரைப் பார்ப்பாள். பெயிண்ட் கடையில் இத்தனை வருஷம் நிறம் கலந்து கொடுத்தவள் அல்லவா, கரண்டி, சீப்பு, செருப்பு என்கிற சொல்லெல்லாம் தொலைந்துபோன சமயத்திலும் நிறங்களின் பெயர் மட்டும் பத்திரமாக இருந்தது. முதல் நாள் இளம்பச்சை என்றாள். பிறகு பட்டாணி என்றாள். அதற்கப்புறம் பாட்டில் என்றாள், பீர் பாட்டில் நிறமாம், இந்த வீட்டில் அந்த உவமைக்கு என்ன வேலை என்று கேட்டேன், அதற்கும் ம். நான் பச்சையை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை, பச்சைத் தண்ணீர் என்று சும்மாவா சொல்கிறார்கள் என்று இறங்கிக்கொண்டே இருந்தோம். கடைசியில் ஒருநாள் இரண்டாம் படியில் படர்ந்திருந்த பாசியில் அம்மாவின் கால் கொஞ்சம் வழுக்கியது, உடனே பிடித்துவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை. இதை எழுதாதே, அவள் பயப்படுவாள் என்று அம்மா இடது கையால் காகிதத்தை மூடப் பார்க்கிறாள். ஒன்றும் ஆகாததால்தானே எழுதுகிறேன். மறுநாள் வந்த பிசியோ அக்கா தண்ணீரைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். வலது காலில் ஒரு கீறல் விழுந்தாலும் அம்மாவுக்குத் தெரியாது, அந்தக் கீறலோட இந்தத் தண்ணியில இறங்கினா சீழ் பிடிக்கும், குளோரின் சரியாகற வரைக்கும் ஒருத்தரும் இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாள். குளத்தைச் சரிசெய்யும் பொறுப்பை உன் தம்பி ஏற்றுக்கொண்ட வரலாறு இப்படித் தொடங்குகிறது. கைதட்டலை இங்கேயிருந்து ஆரம்பிக்கலாம்.

முதல் முயற்சியில் நான் ஒரு மேதை மாதிரி நடந்துகொண்டேன். உச்சி வெயிலில் ஒரு வாளித் தண்ணீரில் குளோரின் தூளைக் கரைத்து வளைத்து வளைத்து ஊற்றினேன், சாயங்காலம் சோதித்துப் பார்த்தால் ஒரு துளி இல்லை. மறுநாளும் அதே வெயிலில் அதே மாதிரி ஊற்றினேன், அதே மாதிரி ஒன்றும் இல்லை. குளத்தில் ஓட்டை இருக்கிறதா என்றுகூடத் தேடினேன். வெயில் குளோரினைத் தின்றுவிடும், பொழுது சாய்ந்தபிறகு போடவும் என்று டப்பாவின் பின்பக்கத்தில் அச்சடித்திருக்கிறது, நான் முன்பக்கத்தில் சிரித்துக்கொண்டு நீந்துகிற குடும்பத்தின் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு பல்லைக் காட்டுகிறார்கள் தெரியுமா. அப்புறம் சாயங்காலம் ஊற்றினேன், அதிலும் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீரில் காரம் ஏறிப்போயிருந்தால் குளோரினைக் கொட்டினாலும் அது பாதித் தூக்கத்தில்தான் வேலை செய்யுமாம், அதை இறக்குவதற்கு அமிலம் வாங்கிவந்து தனி வாளியில் நீர்க்கவைத்து ஊற்ற வேண்டியிருந்தது. இரண்டையும் மட்டும் ஒன்றாகக் கலந்துவிடாதே, விஷப்புகை வரும் என்று கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துத் திரும்பத் திரும்பச் சொன்னார், என் முகத்தில் அப்படி என்ன எழுதியிருக்கிறதோ. அப்பா தன் கடையிலிருந்து முகத்தை மறைக்கும் பெரிய கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்து எனக்கு மாட்டிவிட்டார். அதைப் போட்டுக்கொண்டு நீளத் துடைப்பத்தால் சுவரையும் படிகளையும் தேய்த்தேன். ஏணிக்குப் பின்னால், விளக்கின் விளிம்பில், ஒரு விரல் நுழையும் இடத்திலெல்லாம் பாசி ஒளிந்திருக்கிறது. அங்கே கொஞ்சம் விட்டுவைத்தால் போதும், அடுத்த வெயிலுக்கு உறவுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்துவிடுகிறது.

அப்புறம் தேய்த்த பாசியெல்லாம் வடிகட்டிக்குள் போய் அடைத்துக்கொண்டது. வடிகட்டியின் மேல் ஒரு முள் இருக்கிறது, அது சிவப்புக்கோட்டைத் தாண்டி நின்றது, அது என்னவோ நேரம் காட்டுகிறது என்று நினைத்து விட்டுவிட்டேன். வடிகட்டியைக் கழுவத் தெரியாத வடிகட்டின முட்டாள் என்று அம்மா மட்டும் பழைய அம்மாவாக இருந்திருந்தால் சொல்லியிருப்பாள், அவள் சார்பில் நானே சொல்லிக்கொண்டேன். கைப்பிடியைத் திருப்பித் தண்ணீரைத் தலைகீழாக ஓடவிட்டதும் அழுக்கெல்லாம் கக்கிக்கொண்டு வந்தது, முள்ளும் இறங்கியது. மோட்டார் நாள் முழுக்க ஓட வேண்டும். அப்பா அம்மாவின் காதில் வைக்கப் பஞ்சைக் கொண்டுவந்தார், அம்மா தலையைத் திருப்பிக்கொண்டு ஓடட்டும் என்றாள். தெளிவாகச் சொன்னாள், நடுவில் தேடவே இல்லை. மறுநாள் காலை குளம் பச்சையாக இல்லை, பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது, நான் கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன், செத்த பாசி அப்படித்தான் இருக்குமாம். அம்மா சாம்பல் என்றாள். அடியில் படிந்ததைக் குழாய் வைத்து உறிஞ்சி வெளியே விட்டேன், மறுபடி ஊற்றினேன், மறுபடி வடிகட்டியைக் கழுவினேன். ஒருநாள் காலை அம்மா குளத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு நீலம் என்றாள், எந்த நீலம் என்று கேட்டேன், சும்மா நீலம் என்றாள். இப்போது தண்ணீருக்கு அடியில் வடிகால் மூடியின் திருகாணியைக்கூட எண்ணலாம். இதை யார் செய்தது, உன் தம்பி செய்தான், பள்ளிக்கூடத்தில் வேதியியலில் முட்டை வாங்கியவன், தவளையையே வீட்டைவிட்டுத் துரத்தியவன். இந்த ஊரில் பச்சைக் குளம் யாரிடம் இருந்தாலும் என்னிடம் அனுப்பச் சொல். குளத்தை அனுப்ப முடியாது, ஆளை அனுப்பச் சொல்.

ஒரே ஒரு குறைதான் பாக்கி. குளோரின் இன்னும் போதவில்லை. கண்ணாடிக் குழாயில் குளத்துத் தண்ணீரை எடுத்து, அதில் மருந்துச் சொட்டு விட்டுக் குலுக்கினால் மஞ்சளாக மாறும், நல்ல மஞ்சள் வந்தால் குளோரின் இருக்கிறது, வெளுத்த மஞ்சளாக இருந்தால் இல்லை. குழாயை அம்மாவிடம்தான் காட்டுகிறேன், இந்த வீட்டில் நிறத்துக்கு அவள்தான் நீதிபதி. தினமும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டுக் குறைச்சல் என்கிறாள். அதனால் இன்னும் இறங்கவில்லை. பிசியோ அக்கா நேற்று வந்து அம்மாவின் பாதத்தை மடக்கிப் பார்த்தாள், முன்பு மடங்கிய அளவுக்கு மடங்கவில்லை. கணுக்கால் இறுக ஆரம்பிச்சிடுச்சு, இன்னும் தள்ளிப்போட்டா இப்படியே நின்னுடும், எப்போதான் சரியாகும் அந்தக் குளம் என்று என்னைக் கேட்டாள். சீக்கிரம் என்றேன். அப்பா வாசலில் நின்றபடி அவளை அனுப்பிவிட்டு, அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார்.

இனி அம்மா உனக்குச் சொல்வது. லீவு போட்டுவிட்டு ஓடி வராதே, வேலையை விட்டுவிடாதே, நான் வாசல்வரைக்கும் நடந்து வந்து உன்னைக் கூப்பிடுகிற நாளில் வா. தலையை ஈரத்தோடு வைத்துக்கொண்டு வெளியே போகாதே. நேரத்துக்குச் சாப்பிடு, ரொட்டியைத் தின்றுவிட்டுச் சாப்பிட்டேன் என்று சொல்லாதே. கூட இருக்கிற பெண்ணோடு பேச்சு நின்றுபோய்விட்டது என்றாயே, நீயே முதலில் பேசு, குறைந்து போய்விட மாட்டாய். பாத்ரூம் தரை வழுக்கினால் ஒரு பாய் வாங்கிப் போடு. இதில் ஒன்பதில் ஒன்றுதான் அம்மா சொன்னது என்று முன்பே சொல்லிவிட்டேன், ஆனால் பாத்ரூம் பாயை மட்டும் முழுக்க அவளே சொன்னாள். அப்பா தன் பங்குக்கு ஒரு வரி சேர்க்கச் சொல்கிறார், கண்ணுல பவர் கூடியிருக்கும், பார்த்துக்கோம்மா. வேறு ஒன்றும் இல்லையா என்று கேட்டேன், யோசித்துவிட்டு வேற ஒன்னும் இல்லடா என்றார். எங்கே இருந்தாலும் உனக்கு எந்தக் குறையும் வரக்கூடாது, நீ நல்லா இருக்கணும், நிறைய வருஷம் நல்லா இருக்கணும் என்று அம்மா சொல்கிறாள். இந்த இடத்தில் நல்லா இரண்டு தடவையும் சரியாக வந்தது. பதில் எழுது, மறக்காமல் ஹீட்டரைக் கேள். கீழே இருப்பது அம்மா இடது கையால் போட்ட கையெழுத்து, மழைக்கு மண்புழு ஊர்ந்த மாதிரி இருக்கிறது, ஆனால் அவளே போட்டது.

உன் அம்மா

பின்குறிப்பு என்று வைத்துக்கொள். அம்மா மதியத் தூக்கத்துக்குப் போய்விட்டாள், அப்பா கடைக்குப் போய்விட்டார், இனிமேல் எழுதுவதெல்லாம் நான் மட்டும். மேலே நான் எழுதியதில் கொஞ்சம் திருத்தம் இருக்கிறது. படியில் வழுக்கியபோது உடனே பிடித்துவிட்டேன் என்றேனே, உடனே இல்லை. நான் பின்பக்கமாக நடந்தபடி ஏதோ ஜோக் சொல்லிக்கொண்டிருந்தேன், அவள் சிரிக்கிறாளா என்று முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், கை எங்கே இருக்கிறது என்று பார்க்கவில்லை. அவள் நழுவி அப்படியே உள்ளே போய்விட்டாள். துள்ளவில்லை, கையை வீசவில்லை. அந்தப் பச்சைத் தண்ணீருக்குள் கண்ணைத் திறந்துகொண்டு என்னையே பார்த்துக்கொண்டு இருந்தாள், டிவி பார்க்கிற மாதிரி. நானும் பார்த்துக்கொண்டு நின்றேன், அக்கா. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, கொஞ்ச நேரம்தான் இருக்கும், ஆனால் நின்றேன். அப்பா துண்டைப் போட்டுவிட்டுத் தண்ணீருக்குள் காலை வைத்த சத்தம் கேட்டபிறகுதான் என் கை நகர்ந்தது. தூக்கியதும் இருமினாள், இருமி முடித்துப் பாட்டில் என்றாள். நான் சிரித்தேன். தலையைத் துவட்டிவிட்டேன், உள்ளே கூட்டிக்கொண்டு போய்ப் படுக்கவைத்தேன், நன்றாகச் சாப்பிட்டேன், இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அதற்கப்புறம் குளத்தை ராப்பகலாகத் தேய்த்தேனே, அது எனக்கு ரொம்பச் சுலபமாக இருந்தது, ஏனென்றால் தேய்க்கிற வரைக்கும் இறங்க வேண்டியதில்லை.

குளோரின் சரியாகிப் பல நாள் ஆகிறது. போன வாரமே நல்ல மஞ்சள் வந்துவிட்டது. நான்தான் குழாயில் பாதிக்குக் குளத்துத் தண்ணீரும் மீதிக்குக் குடிக்கிற கேன் தண்ணீரும் கலந்து, வெளுத்துப்போன நிறத்தை அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டிக்கொண்டிருக்கிறேன். இதுவரை எத்தனையோ பேருக்குத் தண்ணி காட்டியிருக்கிறேன், இவ்வளவு நிஜமாகக் காட்டியது இதுதான் முதல் தடவை. இத்தனை வருஷச் சேட்டையில் இதுவரை யாரும் கண்டுபிடிக்காதது இதுதான் என்று எனக்குள் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது. நேற்று அந்த அக்கா கணுக்காலை மடக்கிப் பார்த்ததிலிருந்து அந்தப் பெருமையும் இல்லை.

இதுவரை எழுதிவிட்டு எழுந்து போனேன். அம்மா விழித்திருந்தாள், கரையில் அவளுடைய நாற்காலியில் கூட்டிவந்து உட்காரவைத்தேன். கேன் பக்கமே போகாமல் குழாயை முழுக்கக் குளத்தில் நிரப்பி, சொட்டு விட்டு, அவள் கையில் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சரியா இருக்கு என்றாள். நான் கலப்படம் செய்ததை எல்லாம் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன், அதற்குள் அவள் இடது கையால் ஜன்னலைக் காட்டினாள். அவளுடைய நாற்காலிக்கு நேரே சமையலறை ஜன்னல், அதற்கு நேரே கேன். தினமும் நான் கேனைத் திருகுவதை அவள் பார்த்திருக்கிறாள், பார்த்துவிட்டுத்தான் தினமும் குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துக் குறைச்சல் என்று சொல்லியிருக்கிறாள். ஏம்மா சொல்லல என்று கேட்டேன். வார்த்தையை ரொம்ப நேரம் தேடினாள். நான் பேனா மூடியைக் கடிக்கக்கூட மறந்து நின்றேன். எனக்கும்தான் என்றாள். எனக்கும்தான் என்ன என்று நான் கேட்கவில்லை. அப்புறம் நாளைக்கு இறங்கலாம்மா என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு இன்னிக்கு என்றாள்.

அப்பாவுக்கு போன் போட்டு, கடையை மூடிவிட்டுத் துண்டோடு வாருங்கள் என்றேன். எந்தத் துண்டு என்று கேட்டார். ஆகவே அக்கா, மேலே நான் அடித்த தம்பட்டத்தை நீயே பேனாவால் அடித்துவிடு. குளத்தைச் சரிசெய்தது வரைக்கும் நிஜம், அதைச் செய்தவனைப் பற்றி எழுதியதுதான் பொய். இப்போது நீச்சல் கால்சட்டையை மாட்டிக்கொண்டு கரையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். அம்மா முதல் படிக்குப் பக்கத்தில் நாற்காலியில் தயாராக இருக்கிறாள். அப்பா வரட்டும்மா, அதுவரைக்கும் இதை முடித்துவிடுகிறேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். அப்பா வந்து கொஞ்ச நேரம் ஆகிறது.

இப்படிக்கு,
இம்சை